சத்துமாவில் சால்மோனெல்லா: சைவப் பொருளை லேபுக்கு அனுப்பும்போது செய்யக்கூடாத தவறுகள்

பென்னாகரம் பக்கத்தில் நானும் அண்ணியும் சத்துமாவு அரைத்துப் பாக்கெட் போட்டு விற்க ஆரம்பித்த புதிதில், லேபுக்கு அனுப்பிய முதல் சாம்பிளுக்குச் சுத்தமான ரிப்போர்ட் வந்தது. அதை சட்டம் போட்டு மாட்டாத குறைதான். மூன்றாவது மாதம் ஒரு மொத்த வியாபாரி தன் செலவில் சோதித்துப் பார்த்துவிட்டு, சால்மோனெல்லா (வயிற்றுப்போக்கும் காய்ச்சலும் தரும் கிருமி) இருக்கிறது என்று மூட்டைகளைத் திருப்பி அனுப்பினார்.

"எல்லாத்தையும் வறுத்துதானே அரைச்சோம்?" என்றார் அண்ணி. கேழ்வரகு, கம்பு, பொட்டுக்கடலை, நிலக்கடலை எல்லாம் வறுத்தோம்தான். ஏலக்காயையும் சுக்கையும் வறுக்கவில்லை. வாசனை போய்விடும் என்று கடைசியில் அப்படியே கலந்தோம். நான் லேபுக்குக் கொடுத்த மாவு, அந்தக் கலவைக்கு முன்பே எடுத்து வைத்தது. அதாவது, நாங்கள் விற்காத ஒரு பொருளுக்கு நல்ல ரிப்போர்ட் வாங்கியிருந்தோம். பிறகு ஏலக்காயைத் தனியாகச் சோதித்தபோது கிருமி அதில்தான் இருந்தது.

தர்மபுரி, கிருஷ்ணகிரி வட்டாரத்தில் கேழ்வரகு மாவு, சாமை மிக்ஸ், புளிக்காய்ச்சல், தக்காளித் தொக்கு, மாங்கூழ் என்று தொழில் செய்கிறவர்கள் பலரிடம் பேசிவிட்டேன். "கறி, மீன் எதுவும் இல்லையே, கிருமி எங்கிருந்து வரும்?" என்பதுதான் எல்லோருடைய முதல் கேள்வியும். 2008-2009இல் அமெரிக்காவில் வேர்க்கடலை வெண்ணெயில் வந்த சால்மோனெல்லாவால் 700க்கும் மேற்பட்டோர் நோயுற்றார்கள், 9 பேர் இறந்தார்கள். 2024இல் கனடாவில் பாதாம், ஓட்ஸ் போன்றவற்றில் எடுத்த தாவரப் பாலில் லிஸ்டீரியா என்ற கிருமி இருந்து 20 பேர் பாதிக்கப்பட்டார்கள், 3 பேர் இறந்தார்கள். எல்லாமே சைவம்.

காய்ந்த பொருளில் சால்மோனெல்லா பெருகாது, ஆனால் சாகவும் சாகாது. மாதக்கணக்கில் அப்படியே கிடக்கும். ஈரம் இல்லாத இடத்தில் அதற்குச் சூட்டைத் தாங்கும் பலமும் கூடிவிடும், அதனால் லேசாக வறுத்தது போதாது. நம் மாவைக் கொதிக்கும் கஞ்சியாகக் காய்ச்சினால் பிரச்சினை பெரும்பாலும் தீர்ந்துவிடும். ஆனால் வெதுவெதுப்பான பாலில் கலக்கிக் கைக்குழந்தைக்குக் கொடுக்கிற தாய்மார்கள் எத்தனை பேர்! அந்தக் குழந்தையை நினைத்தால்தான் எனக்கு இதைப் பற்றி எழுதத் தோன்றுகிறது.

சரி, சாம்பிள் எடுப்பதற்கு வருகிறேன். பெரும்பாலான தவறு லேபுக்கு வெளியே, நம் கையில்தான் நடக்கிறது. அன்றைக்கு மட்டும் கையுறை போட்டு, மெஷினைத் துடைத்து, காலையில் வரும் முதல் பாக்கெட்டை எடுத்து அனுப்புவார்கள். மெஷின் சூடேறி, மாவு ஓரங்களில் படிந்து, ஆட்கள் களைத்த பிறகு வரும் மாலைப் பாக்கெட்தான் உண்மையைச் சொல்லும். காலை, மதியம், மாலை என்று பிரித்து, சீல் போட்ட பாக்கெட்டாகவே எடுங்கள். ஒரே ஒரு பாக்கெட்டை நம்பவும் வேண்டாம். நூறில் ஒரு பாக்கெட்டில் கிருமி இருப்பதாக வைத்துக்கொள்வோம். 5 பாக்கெட் சோதித்தால் அது மாட்டுவதற்கான வாய்ப்பு 5 சதவீதத்துக்கும் குறைவு. 60 பாக்கெட் பார்த்தாலும் பாதி வாய்ப்புகூடக் கிடையாது. 95 சதவீதம் நிச்சயம் வேண்டுமென்றால் 300 பாக்கெட் ஆகும். சிறு தொழிலில் அது முடியாத காரியம். அதனால்தான் முடிந்த பொருளை மட்டும் சோதிக்காமல், வறுத்த பிறகு சேர்க்கும் ஒவ்வொரு சாமானையும், சல்லடை, மாவு விழும் வாய், தரை மூலை ஆகியவற்றையும் பஞ்சுக் குச்சியால் துடைத்தெடுத்துச் சோதிக்கச் சொல்கிறேன். சல்லடையைக் கழுவி ஈரத்தோடு வைப்பது, சும்மா கிடந்த கிருமிக்கு நாமே தண்ணீர் ஊற்றுகிற மாதிரி. மாவு வேலை நடக்கும் இடத்தைத் துடைப்பதும் பெருக்குவதும் காய்ந்த துணி, காய்ந்த பிரஷ் கொண்டுதான்.

அடுத்தது பலருக்கும் தெரியாத ஒன்று. சில மரக்கறிப் பொருள்கள் சோதனையையே ஏமாற்றிவிடும். பூண்டு, வெங்காயம், பட்டை, கிராம்பு இவற்றுக்கே கிருமியை அடக்கும் குணம் உண்டு. லேபில் வழக்கமாக 25 கிராம் சாம்பிளை 225 மில்லி ஊட்டத் திரவத்தில் கலந்து, உள்ளே இருக்கும் சால்மோனெல்லாவைப் பெருக விடுவார்கள். பூண்டு இட்லிப்பொடியை அப்படிக் கலந்தால், திரவத்தில் இறங்கும் பூண்டுச் சத்து கிருமியைப் பெருக விடாது. சாகவும் இல்லை, வளரவும் இல்லை, ரிப்போர்ட்டில் மட்டும் 'இல்லை' என்று வரும். அதே பொடி சாப்பிடுகிறவர் வயிற்றுக்குள் போனால் கதை வேறு. இதற்கு வழி இருக்கிறது. பூண்டு, வெங்காயத்தின் வேகத்தை அடக்கப் பொட்டாசியம் சல்பைட் என்ற உப்பைச் சேர்ப்பார்கள். பட்டையை நூறு மடங்கும், கிராம்பை ஆயிரம் மடங்கும் நீர்க்கச் செய்வார்கள். புளிக்காய்ச்சல், ஊறுகாய் போன்ற புளிப்புப் பொருளாக இருந்தால் திரவத்தின் புளிப்பை முதலில் சமன்செய்ய வேண்டும். ஆனால் நீங்கள் பாக்கெட்டின் மேல் வெறுமனே 'பொடி' என்று எழுதி அனுப்பினால் லேபுக்கு எப்படித் தெரியும்? உள்ளே இருக்கும் சாமான்களை முழுசாக எழுதிக் கொடுங்கள். "இந்த மாதிரிப் பொருளில் உங்கள் முறை வேலை செய்கிறதா என்று பார்த்திருக்கிறீர்களா?" என்று கேளுங்கள். நல்ல லேப் இந்தக் கேள்விக்கு முகம் சுளிக்காது.

எந்தச் சோதனை கேட்பது என்பதிலும் குழப்பம் உண்டு. இட்லி மாவு விற்கும் ஒருவர் மொத்தக் கிருமி எண்ணிக்கை கேட்டு, கோடிக்கணக்கில் வந்ததைப் பார்த்து அரண்டுபோனார். புளித்த மாவில் நல்ல பாக்டீரியா அப்படித்தான் இருக்கும், அந்த எண்ணுக்கு அங்கே அர்த்தமே இல்லை. அரிசி சேர்ந்த பொருளில் பேசில்லஸ் சீரியஸ் என்ற கிருமிக்கான சோதனையைக் கேளுங்கள். அதன் வித்துகள் கொதிக்க வைத்தாலும் சாகாது, அது உண்டாக்கும் வாந்தி நஞ்சு மறுபடி சூடாக்கினாலும் அழியாது. கையால் தொட்டுச் செய்யும் பனீருக்கு, கையிலிருந்து ஒட்டிக்கொள்ளும் ஸ்டெஃபிலோகாக்கஸ். ஃப்ரிட்ஜில் வைத்து விற்கும் தோஃபு, சோயா 'கறி' வகைகளுக்கு லிஸ்டீரியா, ஏனென்றால் அது ஃப்ரிட்ஜ் குளிரிலும் வளரும். இவற்றை உற்பத்தி நாளில் மட்டும் பார்த்தால் போதாது, காலாவதி நாளிலும் பார்க்க வேண்டும். மாங்கூழுக்கு ஒரு பாதுகாப்பு இருக்கிறது. பெங்களூரா மாம்பழக் கூழின் பி.ஹெச். (புளிப்பின் அளவு, எண் குறையக் குறையப் புளிப்பு கூடும்) 4.6க்குக் கீழே இருப்பதால், கொடிய நஞ்சை உண்டாக்கும் பொட்டுலினம் கிருமி அதில் வளராது. ஆனால் புளிப்பில்லாத காய்கறியை அதே கைப்பழக்கத்தில் டின்னில் அடைக்கத் துணிந்துவிடாதீர்கள்.

ரிப்போர்ட் வந்ததும் கடைசி வரியை மட்டும் பார்க்காதீர்கள். சால்மோனெல்லா '25 கிராமில் இல்லை' என்று இருக்க வேண்டும். 1 கிராமில் இல்லை என்றால் அது சும்மா கண்துடைப்பு. மற்ற கிருமிகளின் எண்ணிக்கை '10க்கும் குறைவு' என்றால் பூஜ்யம் என்று பொருளல்ல, அந்த முறையால் அதற்குக் கீழே எண்ண முடியாது, அவ்வளவுதான். லேபுக்கு என்.ஏ.பி.எல். (லேப்களின் தரத்தைப் பார்த்துச் சான்று தரும் தேசிய வாரியம்) அங்கீகாரம் இருந்தால் மட்டும் போதாது, நீங்கள் கேட்கும் அதே சோதனைக்கு இருக்கிறதா என்று பாருங்கள்.

பனீர், தோஃபு போன்றவற்றை சேலத்துக்கோ பெங்களூருக்கோ பஸ்ஸில் போடும்போது தெர்மாகோல் பெட்டி, ஐஸ் பேக் அவசியம். உறைய விடவும் கூடாது, உறைந்தால் கொஞ்சம் கிருமி செத்துக் கணக்கு குறைந்துவிடும். மாவு, பொடிக்கு இந்தத் தொல்லை இல்லை, ஈரம் படாமல் இருந்தால் சரி.

கிருமி இருக்கிறது என்று வந்தால், வேறு பாக்கெட்டை அனுப்பி 'இல்லை' என்று வரும்வரை சோதிப்பது எல்லாவற்றிலும் மோசமான தவறு. ஒரே தடவையில் தயாரித்த சரக்கு, அதாவது பேட்ச் முழுக்கக் கிருமி ஒரே மாதிரி பரவியிருக்காது, இரண்டாவது பாக்கெட் தப்பியதால் முதல் பாக்கெட் பொய்யாகிவிடாது. அந்த வேர்க்கடலை நிறுவனமும் இதைத்தான் செய்தது. 2015இல் அதன் தலைவருக்கு 28 ஆண்டு சிறைத் தண்டனை விதித்தார்கள்.

சால்மோனெல்லா முடிவு வர வழக்கமான முறையில் நாலைந்து நாள் ஆகும். அதுவரை எங்கள் வீட்டு முன்னறையில் மூட்டைகள் பேட்ச் எண்ணோடு அப்படியே கிடக்கும். ஏலக்காயை இப்போது நீராவியில் பதப்படுத்தியதாகப் பார்த்து வாங்குகிறோம், விலை கொஞ்சம் கூடத்தான். சாம்பிள் எடுப்பது அண்ணி, கடைசிச் சாம்பிள் சாயங்காலம், கடைசி மூட்டை தைப்பதற்குச் சற்று முன்பு.