சுரண்டுத் தகட்டுக்குக் கூர் ஏற்றுவது இப்படி

கிருஷ்ணகிரி பக்கம் மாம்பலகைக்குப் பஞ்சமில்லை. ஆனால் நார் முன்னும் பின்னும் ஓடும். இழைப்புளி போட்டால் பிய்த்துக்கொண்டு வரும். அங்கேதான் மரத்தைச் சுரண்டி வழவழப்பாக்கும் மெல்லிய எஃகுத் தகடான சுரண்டுத் தகடு கைகொடுக்கும். கடையில் வாங்க வேண்டாம், போச்சம்பள்ளி சந்தையில் பழைய கைரம்பம் கிடைத்தால் போதும். பல் பக்கத்தை வெட்டி எறியுங்கள். 0.8 மி.மீ. தடிமன் கைக்குச் சுகம்.

தகட்டை வைஸில் பிடித்து, விளிம்பை அரத்தால் 90 டிகிரிக்கு நேராக்குங்கள். பிறகு விளிம்பையும் இரண்டு முகங்களையும் எண்ணெய்க் கல்லில் தேய்த்து, அரம் விட்ட கோடுகளைப் போக்குங்கள். பலரும் முகத்தை விட்டுவிடுவார்கள், கூர் நிற்காததற்குப் பாதிக் காரணம் அதுதான்.

அடுத்து பிசிறு மடக்குவது, அதாவது விளிம்பை நுண்ணிய கொக்கிபோல வளைப்பது; மரத்தைச் சீவுவது இந்தக் கொக்கிதான். தகட்டைவிடக் கடினமான வழவழப்பான கம்பி வேண்டும்; பைக் இன்ஜினின் பழைய வால்வுத் தண்டை நான் வைத்திருக்கிறேன். ஒரு சொட்டு எண்ணெய் விட்டு, முதலில் மட்டமாக, பிறகு 5 முதல் 10 டிகிரி சாய்த்து, நான்கைந்து இழுப்பு. முரட்டு அழுத்தம் வேண்டாம்.

வளைந்த நாற்காலிக் காலுக்கு, கதவுச் சட்டக் குழிவுக்கு, தகட்டையே அந்த வடிவில் அராவிக்கொள்ளலாம். சாணைச் சக்கரத்தில் பிடித்தால் அடிக்கடி தண்ணீரில் முக்குங்கள். நீலம் பாய்ந்தால் தகட்டின் கடினம் குறைந்துவிட்டது என்று அர்த்தம்.

சுருள் வராமல் தூள் மட்டும் வந்தால், மறுபடி மடக்கும் நேரம்.