அரசிடம் தகவல் கேட்பது எப்படி? முதல் மனு எழுதுபவர்களுக்கு

தகவல் அறியும் சட்டத்தை ஸ்வீடன் 1766-லேயே கொண்டுவந்துவிட்டது. இந்தியாவில் 2005, இலங்கையில் 2016. சட்டம் இருப்பது பலருக்கும் தெரியும். ஆனால் மனு எழுத உட்கார்ந்தால் கை தானாகப் புகார்தான் எழுதும். மனு வீணாவதும் அங்கேதான்.

படி 1: ஆவணம் யாரிடம்?
எந்த அலுவலகத்தின் கோப்பில் அது இருக்கும் என்று பார்த்து, அங்குள்ள தகவல் அலுவலருக்கு எழுதுங்கள்.

படி 2: கேள்வி
பொறுமை தேவைப்படுவது இங்கேதான். "சாலை ஏன் இவ்வளவு மோசம்?" என்று கேட்டால் ஒரே வரியில் தட்டிக்கழித்துவிடுவார்கள். கோப்பில் இருப்பதைத்தான் சட்டம் வாங்கித் தரும். அதிகாரியின் விளக்கத்தை அல்ல. அதையே இப்படிக் கேளுங்கள்:

"இன்ன தெருவில் இன்ன ஆண்டு போட்ட சாலையின் பணி ஆணை, ஒப்பந்ததாரருக்குப் பணம் கொடுத்த பில்கள், அளவீட்டுப் பதிவு, தரச் சோதனை அறிக்கை ஆகியவற்றின் நகல்கள்."

அளவீட்டுப் பதிவில் நீளம், அகலம், கனம் எல்லாம் இருக்கும். அப்புறம் டேப்பை எடுத்துக்கொண்டு தெருவில் இறங்க வேண்டியதுதான். 300 மீட்டருக்குப் பணம் போயிருக்கிறது, தெருவில் 200 மீட்டர்தான் தார் இருக்கிறது என்றால், அந்தப் பதிவில் கையெழுத்துப் போட்டவர் பதில் சொல்லியாக வேண்டும்.

எதற்காகக் கேட்கிறீர்கள் என்று எழுதாதீர்கள். இந்தியச் சட்டப்படி மனுதாரரிடம் காரணம் கேட்கவே கூடாது.

படி 3: அனுப்புதல்
கட்டணம் இருந்தால் கட்டுங்கள். மனுவின் நகலும், பெற்றுக்கொண்டதற்கான ஒப்புகையும் கையில் இருக்கட்டும். நாள் கணக்குக்கு அந்தத் தேதிதான் ஆதாரம்.

படி 4: கெடு
இந்தியாவில் 30 நாள். ஒருவரின் உயிர், சுதந்திரம் தொடர்பான தகவல் என்றால் 48 மணி நேரம். இலங்கையில் 14 வேலை நாள், பிரிட்டனில் 20 வேலை நாள்.

படி 5: மேல்முறையீடு
சரி, பதிலே வரவில்லையா? சோர்ந்துவிடாதீர்கள், இது சகஜம். இந்தியாவில் முதல் மேல்முறையீடு அதே துறையின் மூத்த அதிகாரிக்கு, அடுத்தது தகவல் ஆணையத்துக்கு. மறுப்பு வந்தால் சட்டத்தின் எந்தப் பிரிவைக் காட்டியிருக்கிறார்கள் என்று பாருங்கள். முழுக் கோப்பையும் மறுத்திருந்தால், மறைக்க வேண்டிய வரிகளை மட்டும் மறைத்துவிட்டு மீதியைத் தரும்படி கேளுங்கள். சட்டம் அதற்கும் இடம் தருகிறது.