பெயர் அழிந்த ஐந்து வெள்ளைப் பொடிகள்

போன ஐப்பசி மழையில் எங்கள் கல்லிடைக்குறிச்சி வீட்டு அடுக்களை ஒழுகி, டப்பாக்களில் ஒட்டியிருந்த சீட்டெல்லாம் நனைந்து உரிந்துவிட்டது. ஐந்து டப்பா, ஐந்திலும் வெள்ளைப் பொடி: தூள் உப்பு, ஆப்பச்சோடா, அப்பளக்காரம், அரிசிமாவு, கோலமாவு. மருமகள் ஒன்றைத் தொட்டு வாயருகே கொண்டுபோனாள். "நாக்குல வச்சிராதம்மா" என்று கையைப் பிடித்துக்கொண்டேன். அப்பளக்காரம் நாக்கைப் பொத்துவிடும். ருசி பார்க்காமலே கண்டுபிடிக்கலாம். அஞ்சு கண்ணாடித் தம்ளர், ஒரு எலுமிச்சம்பழம், கொஞ்சம் மஞ்சள்தூள் போதும்.

முதலில் பச்சைத் தண்ணீர். தம்ளருக்கு 100 மில்லி ஊற்றி, ஒவ்வொன்றிலும் ஒரு டீஸ்பூன் பொடி போட்டுக் கலக்குங்கள். ஸ்பூனைக் கழுவித் துடைத்த பிறகே அடுத்த டப்பாவில் விட வேண்டும். கோலமாவு மணல் மாதிரி அடியில் உட்கார்ந்துவிடும். அரிசிமாவு பால் போலக் கலங்கி நிற்கும். ஒரு மணி நேரம் விட்டால் மேலே தண்ணீர் தெளிந்து கீழே மாவு படியும். கலங்குவது வேறு, கரைவது வேறு. கரைந்திருந்தால் தம்ளருக்குப் பின்னால் பிடித்த தாளில் எழுத்து தெரியும். சந்தேகமிருந்தால் கலங்கிய தண்ணீரை அடுப்பில் வைத்துக் கிண்டுங்கள். அரிசிமாவு என்றால் கஞ்சியாகிவிடும்.

மற்ற மூன்றும் கரைந்துவிடும். இனி எலுமிச்சை. மூன்றிலும் ஒரு சிட்டிகையைத் தட்டில் தனித்தனியாக வைத்துச் சாறு சொட்டுங்கள். உப்பு சும்மா இருக்கும். சோடாவும் காரமும் புளிப்புப் பட்டதும் கரியமில வாயுவை விட்டு நுரைத்துப் பொங்கும். கோலமாவிலும் ஒரு சொட்டு விட்டுப் பாருங்கள்: சுண்ணாம்புக்கல் மாவு என்றால் அதுவும் நுரைக்கும். தாழையூத்தில் சிமெண்டுக்காக வெட்டியெடுப்பதும் அந்தக் கல்தான்.

சோடாவையும் காரத்தையும் பிரிப்பதுதான் முக்கியம். ஆப்பமாவில் காரம் விழுந்தால் சவக்காரம் போலக் கசக்கும், மொத்த மாவும் வீண். இதற்கு மஞ்சள்தான் கைகொடுக்கும். மஞ்சள்தூளைத் தண்ணீரில் குழைத்து வெள்ளைத் தாளில் பூசிக் காயவிடுங்கள். அதில் இரண்டு கரைசலையும் பக்கத்தில் பக்கத்தில் ஒவ்வொரு சொட்டு விடுங்கள். அப்பளக்காரம் பட்ட இடம் உடனே செக்கச்செவேலென்று ஆகும். ஆப்பச்சோடா பட்ட இடம் லேசாக நிறம் மாறினாலும் அந்தச் சிவப்பு வராது. ஆரத்தித் தட்டில் மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்ந்து சிவப்பதும் இதே சங்கதிதான். சிவந்த இடத்தில் எலுமிச்சைச் சாறு விட்டால் பழைய மஞ்சள் திரும்பிவிடும். அப்புறம் சோடாத் தண்ணீரைப் பத்து நிமிடம் கொதிக்கவிட்டு, ஆறவைத்து, மறுபடி சொட்டுங்கள். இப்போது முன்னைவிட நன்றாகவே சிவக்கும். கொதியில் கரியமில வாயு போகப் போக, ஆப்பச்சோடா அப்பளக்காரமாக மாறிக்கொண்டிருக்கிறது. எத்தனை தடவை செய்தாலும் எனக்கு அலுக்காத சோதனை இது.

மஞ்சளின் நிறம் தண்ணீரில் சரியாக இறங்காது, எண்ணெயில் நன்றாக இறங்கும். உப்பு நேர் எதிர். நல்லெண்ணெயில் எவ்வளவு கலக்கினாலும் கரையாது. இட்லி மிளகாய்ப்பொடிக்கு உப்பை நைசாக அரைக்கச் சொல்வது இதற்காகத்தான். இல்லாவிட்டால் வாயில் கல் கல்லாக அகப்படும்.

சூடும் எல்லாப் பொடிக்கும் ஒரே மாதிரி உதவாது. 100 மில்லி தண்ணீர் சுமார் 36 கிராம் உப்பு வாங்கும். கொதிக்கும்போதும் 39 கிராம்தான். சீனி அப்படியில்லை: 200 கிராம் வாங்குகிற தண்ணீர், கொதியில் 480 கிராமுக்கு மேல் வாங்கிக்கொள்ளும். உப்பைக் கொதிக்கவைத்து ஆறவிட்டால் பெரிதாக ஒன்றும் படியாது. தண்ணீர் வற்ற வேண்டும். தூத்துக்குடி உப்பளத்தில் வெயில் அந்த வேலையைத்தான் செய்கிறது.

இந்தச் சோதனையெல்லாம் அடுக்களைப் பொடிகளுக்கு மட்டும்தான். குளியலறையில் இருக்கும் ப்ளீச்சிங் பவுடரில் எலுமிச்சையோ வினிகரோ படவே கூடாது, குளோரின் வாயு கிளம்பும். நீற்றாத சுண்ணாம்பில் தண்ணீர் பட்டால் கொதித்துத் தெறிக்கும், பிள்ளைகளைக் கிட்டே விடாதீர்கள். நுரைக்கிற எதையும் பாட்டிலில் ஊற்றி மூடி போடாதீர்கள்.

எங்கள் வீட்டில் இப்போது சீட்டு ஒட்டுவதில்லை. மருமகள் டப்பாவிலேயே பெயிண்டால் பெயர் எழுதிவிட்டாள், காரத்துக்கு மட்டும் சிவப்பு.