கறுப்பு பார்டரை எடுத்தேன்

கிரகப்பிரவேசப் பத்திரிகையை வெள்ளைத் தாளில், மெல்லிய கறுப்பு பார்டர் போட்டு வடிவமைத்தேன். என் கண்ணுக்கு அத்தனை அழகு. ப்ரூஃபை, அதாவது மாதிரி அச்சை, வாங்கிப் பார்த்த அம்மாச்சி, "என்னய்யா, கருமாதிப் பத்திரிகை மாதிரி இருக்கு" என்று கீழே வைத்துவிட்டார். அவர் சொன்னது சரிதான். நம் ஊரில் கறுப்புக் கரைக்குப் பொருளே வேறு.

மஞ்சள் எழுத்துக்கு மாறினேன். வெள்ளைத் தாளில் படிக்கவே முடியவில்லை. பிறகு மஞ்சளைப் பின்னணியாக்கி, எழுத்தை அரக்குச் சிவப்பாக்கினேன். திரையில் பளீரென்று இருந்த மஞ்சள் அச்சில் மங்கியது. காரணம், திரைக்கான வண்ணமுறையான ஆர்ஜிபியில் செய்திருந்தேன். நான்கு மைகளில் அச்சிடும் சிஎம்ஒய்கே முறைக்கு மாற்றி, மெஜந்தா என்ற இளஞ்சிவப்பு மை 15%, மஞ்சள் 100%, சியான் என்ற நீல மையும் கறுப்பும் 0 என்று வைத்தேன். சியான் கொஞ்சம் கலந்தாலும் மஞ்சள் பச்சைக்குச் சாய்ந்துவிடும்.

அடுத்த ப்ரூஃபை அம்மாச்சி சாமி படத்துக்குக் கீழே வைத்தார்.