இடியாப்ப மரக் கதை விடுவது எப்படி?

லீவுக்கு மலேசியாவின் சுங்கை சிப்புட் ரப்பர் தோட்டத்துக்கு வரும் டவுன் பிள்ளைகளிடம் முதலில் நிஜத்தைச் சொல்லுங்கள்: பால் எடுக்க ரப்பர் மரமான பால்மரத்தின் பட்டையை விடியற்காலையில்தான் வெட்டுவார்கள், வெயில் ஏறினால் பால் ஓட்டம் குறைந்துவிடும். அதை நம்பிவிட்டார்களா, சரி, அடுத்த நிரையில் இடியாப்ப மரம் நிற்கிறது என்று மெல்ல ஆரம்பியுங்கள். பட்டையில் கோடு போட்டதும் வெள்ளை வெளேரென்று நூல் நூலாக இறங்கும், தரையில் படுவதற்குள் பால் பிடிக்கும் கிண்ணமான மங்கில் சுருட்டிப் பிடிக்க வேண்டும், கொஞ்சம் தாமதித்தாலும் காய்ந்து மீகூன் (அரிசி சேமியா) ஆகிவிடும்.

சிரிக்கவே கூடாது, அதுதான் முக்கியம். 1957 ஏப்ரல் 1 அன்று பிபிசி, சுவிட்சர்லாந்தில் மரத்திலிருந்து ஸ்பகெட்டி பறிப்பதாகக் காட்டியபோது, இதை எப்படி வளர்ப்பது என்று விசாரித்தவர்களே உண்டு! அப்புறம், தேங்காய்ப்பூவும் சர்க்கரையும் எங்கே என்று எந்த வாண்டாவது கேட்டால், அது மதியம் வெட்டும் மரம் என்று சொல்லிவிடுங்கள்.