மதுரையில் குடியேறியாச்சா? அப்படியே ஒரு சேவைச் சங்கத்தையும் பாருங்கள்

வளைகுடா, சிங்கப்பூர், மலேசியா என்று பல வருடம் இருந்துவிட்டு மதுரைக்கு வந்து குடியேறுபவர்களுக்கு முதல் ஆறு மாதம் எப்படியும் ஓடிவிடும். கேஸ் கனெக்‌ஷன், ஆதாரில் முகவரி மாற்றம், பிள்ளைகளுக்குப் பள்ளி என்று அலைச்சலுக்குப் பஞ்சமிருக்காது. அதெல்லாம் முடிந்த பிறகுதான் மாலை ஆறு மணி என்று ஒன்று இருப்பதே தெரியவரும். கே.கே. நகரிலோ திருநகரிலோ வீடு நன்றாகவே அமைந்திருக்கும். பக்கத்து வீட்டுக்காரர் பார்த்தால் சிரிப்பார், "சாப்பிட்டாச்சாண்ணே" என்பார். அதற்கு மேல் பேச்சு நகராது.

மதுரைக்காரர்கள் ஒட்டாதவர்கள் என்று நினைத்துவிட வேண்டாம். இங்கே பழக்கம் என்பது சொந்தம், தெரு, படித்த பள்ளி, குலசாமி கோயில் இவற்றின் வழியாகத்தான் வருகிறது. இருபது வருடம் மொய் எழுதாதவரை யார் தேடிவந்து பத்திரிகை வைப்பார்கள்? அதனால், புதிதாக வருபவர்கள் என்னிடம் கேட்டால் ரோட்டரி, லயன்ஸ் மாதிரி ஏதாவது ஒரு சேவைச் சங்கத்தில் சேரச் சொல்லுவேன். ஊருக்கு உபகாரம் என்பதற்காக மட்டும் சொல்லவில்லை. உங்களுக்கு ஆள் வேண்டும், அதற்காகவும்தான்.

இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ரோட்டரியைத் தொடங்கிய பால் ஹாரிஸே அப்படி ஆள் தேடியவர்தான். அமெரிக்காவில் ஒரு சிற்றூரில் தாத்தா பாட்டியிடம் வளர்ந்து, வக்கீல் தொழிலுக்காகச் சிகாகோ வந்து, பழக ஆளில்லாமல் தவித்தவர். 1905 பிப்ரவரி 23 அன்று இன்னும் மூன்று பேரைச் சேர்த்துக்கொண்டு உட்கார்ந்தார். சேவையெல்லாம் அப்புறம் வந்தது. அவர்கள் ஊருக்காக எடுத்த முதல் வேலை, ஒரு பொதுக் கழிப்பறை! லயன்ஸும் சிகாகோவில் பிறந்ததுதான், 1917இல். 1925இல், பார்வையும் செவியும் இழந்த அமெரிக்க எழுத்தாளர் ஹெலன் கெல்லர் லயன்ஸ் மாநாட்டுக்குப் போய், பார்வையற்றவர்களுக்காகப் பாடுபடச் சொல்லிக் கேட்டுக்கொண்டார். அன்றிலிருந்து கண் சம்பந்தமான வேலை லயன்ஸோடு ஒட்டிக்கொண்டது.

கண் வைத்தியம் என்றால் மதுரைக்குச் சொல்ல வேண்டியதில்லை. அரசு வேலையில் ஓய்வுபெற்ற டாக்டர் ஜி. வெங்கடசாமி 1976இல் 11 படுக்கைகளோடு தொடங்கியதுதான் அரவிந்த் கண் மருத்துவமனை. அதன் கிராம முகாம்களுக்கு உள்ளூர் அமைப்பு ஏதாவது ஒன்று பொறுப்பேற்கும். பல இடங்களில் அது லயன்ஸாகவோ ரோட்டரியாகவோ இருக்கும். நீங்கள் சேர்ந்தால் முதலில் போக வேண்டியது அப்படி ஒரு முகாமுக்குத்தான்.

உசிலம்பட்டிப் பக்கம் ஒரு பள்ளிக்கூடம் என்று வையுங்கள். முதல் நாளே ஆட்டோவில் மைக் கட்டி ஊர் ஊராகச் சொல்லியிருப்பார்கள். காலை ஏழரைக்கே வேப்ப மரத்தடியில் கூட்டம் உட்கார்ந்திருக்கும். டாக்டர்கள் வந்து சேருவதற்குள் பெஞ்சுகளை இழுத்துப் போடுவது, பேர் எழுதுவது, சர்க்கரை, பிரஷர் பார்க்க வரிசை பிரிப்பது எல்லாம் நம் பாடு. வெளிநாட்டில் உங்களுக்குக் கீழே முந்நூறு பேர் வேலை பார்த்திருக்கலாம். இங்கே உங்களுக்குக் கிடைப்பது ஒரு நோட்டும் பேனாவும்தான்.

உண்மையான வேலை மத்தியானம் வரும். கண்புரை ஆபரேஷனுக்குத் தேர்வானவர்களைப் பஸ்ஸில் ஏற்ற வேண்டும். அப்போது ஒரு பாட்டி பஸ் படியில் காலை வைத்துவிட்டு இறங்கிவிடும். "ஏய்யா, நான் வந்துட்டா ஆட்ட யாரு பாக்குறது?" ஆட்டுக்கு வழி செய்யாமல் கண்ணுக்கு வழி பிறக்காது. யாராவது வண்டியை எடுத்துக்கொண்டு அதன் ஊருக்குப் போய், பக்கத்து வீட்டு அம்மாவிடம் ஆட்டை ஒப்படைத்து, திருப்பூரில் இருக்கும் மகனுக்கு போன் போட்டு, "அம்மா நாலு நாள்ல திரும்பிரும், கவலப்படாதீங்க தம்பி" என்று சொல்லிவிட்டு வர வேண்டும். போகும்போது வண்டியின் பின்னால் உட்காரப் போவது புதிதாகச் சேர்ந்த நீங்கள்தான். ஒரே பயணத்தில் இரண்டு பேருக்கும் குடும்பக் கதை முழுக்கத் தெரிந்துவிடும். ஹோட்டல் ஹாலில் பத்துக் கூட்டம் உட்கார்ந்தாலும் அந்தப் பழக்கம் வராது.

அப்புறம் பாருங்கள், ராத்திரி பதினொரு மணிக்கு அப்பாவுக்கு நெஞ்சு வலி என்றால் கூப்பிட ஒரு நம்பர் இருக்கும். ராஜாஜி ஆஸ்பத்திரியில் யாருக்கோ ரத்தம் வேண்டும் என்று உங்களுக்கு ஒரு போன் வரும். சித்திரையில் அழகர் ஆற்றில் இறங்கும்போது நீர்மோர்ப் பந்தலில் உங்கள் கையிலும் ஒரு கரண்டி இருக்கும். வெளிநாட்டில் வளர்ந்த பிள்ளைகளையும் முகாமுக்குக் கூட்டிப் போங்கள். "ஒன் பேரென்ன பாட்டி" என்று கேட்டு, செக்கானூரணி, எழுமலை என்று ஊர்ப்பேரை நோட்டில் எழுதும் பையனுக்குத் தனியாகத் தமிழ் டியூஷன் எதற்கு?

குறையும் உண்டு. ஒரு தையல் மிஷினைக் கொடுக்க எட்டுப் பேர் அதில் கைவைத்து போட்டோவுக்கு நிற்கும் சங்கம் இருக்கிறது. பொன்னாடையிலேயே பாதி நேரம் போகும் பதவியேற்பு விழாவும் இருக்கிறது. ஆகவே கண்ணை மூடிக்கொண்டு சேர வேண்டாம். விருந்தாளியாக இரண்டு மூன்று கூட்டங்களுக்குப் போங்கள், ஒரு முகாமுக்கும் போங்கள். போன வருடம் என்னென்ன செய்தீர்கள், கணக்கு யார் பார்க்கிறார்கள் என்று கேளுங்கள். சேர்க்கைக் கட்டணம், வருடச் சந்தா, கூட்டத்துச் சாப்பாட்டுச் செலவு எல்லாம் சங்கத்துக்குச் சங்கம் மாறும், முன்கூட்டியே கேட்டுவிடுவது நல்லது. போட்டோவுக்கு முதல் வரிசையில் நிற்பவர்கள் நாற்காலியை மடக்கி அடுக்கும்போதும் இருக்கிறார்களா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

தானாக விண்ணப்பம் போட்டுச் சேருவதைவிட, உறுப்பினர் ஒருவர் முன்மொழிந்து சேருவதுதான் வழக்கம். பினாங்கிலோ துபாயிலோ ஏற்கெனவே உறுப்பினராக இருந்தவர் என்றால் பழைய சங்கத்திலிருந்து கடிதம் வாங்கி வந்தால் வேலை சுலபம். ரோட்டரி, லயன்ஸ் இரண்டிலும் ஆண்டு ஜூலை 1இல் தொடங்குகிறது. மே, ஜூனில் விசாரித்தால் புதிய ஆண்டின் வேலைகளைப் பிரிக்கும்போது நீங்களும் இருக்கலாம். பெண்களுக்கு, ரோட்டரியோடு தொடர்புடைய இன்னர் வீல் என்ற சங்கம் தனியாக இருக்கிறது. ரோட்டரி, லயன்ஸிலேயே நேரடியாகவும் சேரலாம், அந்தக் கதவுகள் 1980களின் கடைசியில் திறந்துவிட்டன. கல்லூரி வயதுப் பிள்ளைகளுக்கு ரோட்டரியின் இளைஞர் சங்கமான ரோட்டராக்ட்.

கடைசியாக ஒரு பணச் சங்கதி. சேர்ந்த சூட்டில், "அங்கே இருக்கும் நண்பர்களிடம் சொல்லிப் பணம் அனுப்ப வைக்கிறேன்" என்று கூட்டத்தில் வாக்குக் கொடுத்துவிடாதீர்கள். இந்திய பாஸ்போர்ட் வைத்திருப்பவர் தன் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்பினால் சிக்கல் இல்லை. ஆனால் வேறு நாட்டுக் குடியுரிமை வாங்கியவர், இந்திய வம்சாவளியினருக்கு நம் அரசு தரும் ஓசிஐ அட்டை இருந்தாலும், கொடுப்பது சட்டப்படி வெளிநாட்டு நன்கொடை. வெளிநாட்டு நன்கொடைக்கான எஃப்சிஆர்ஏ சட்டத்தின் கீழ் பதிவோ அனுமதியோ இல்லாத அமைப்பு அதை வாங்கக் கூடாது. உங்களிடமே மலேசிய பாஸ்போர்ட் இருந்தால் உங்கள் நன்கொடைக்கும் இதே விதிதான். பொருளாளரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு அப்புறம் பணத்தை எடுங்கள்.