நடந்துகொண்டே பேசுவது: ஆரம்பநிலை பார்க்கின்சனில் நேரும் தவறுகள்

பார்க்கின்சன் என்னும் நரம்பு நோய் தொடங்கிய முதல் சில ஆண்டுகளில், டாக்டர் நடந்து காட்டச் சொன்னால் பலரும் நன்றாகவே நடந்துவிடுவார்கள். கவனம் முழுக்கக் காலில் இருக்கும். வெளியே வந்து செல்போனில் பேச ஆரம்பித்ததும் அடி சுருங்கும், பாதம் தரையில் உரசும். அறைக்குள் நடந்ததை வைத்து 'நடையில் குறையில்லை' என்று முடிவுகட்டுவதுதான் முதல் தவறு.

பழகிய நடையை நாம் நினைக்காமலே நடத்திவைப்பவை மூளையின் உட்பகுதியில் இருக்கும் நரம்பணுத் திரள்கள். அங்கே நரம்பணுக்களுக்குச் செய்தி கடத்தும் டோபமைன் என்ற வேதிப்பொருள் குறையக் குறைய, தானாக நடந்த வேலையைக் கவனம் எடுத்துச் செய்ய வேண்டியிருக்கிறது. பேச்சுக்கும் அதே கவனம்தான் வேண்டும். டோபமைனை ஈடுகட்டும் லெவோடோபா மாத்திரை அடியின் நீளத்தையும் வேகத்தையும் கூட்டும். ஆனால் இந்த இழுபறியை முழுதாகத் தீர்க்காது. மாத்திரை போட்டாயிற்றே என்று அசட்டையாக இருக்க முடியாது.

இதைவிட ஆபத்தானது, எதை முதலில் விடுவது என்பதில் வரும் பிசகு. தடுமாற்றம் வந்தால் பேச்சை நிறுத்திக் காலைப் பார்ப்பது இயல்பு. பார்க்கின்சன் உள்ளவர்களில் பலர் பதிலை முடிப்பதிலும் கையில் ஏந்திய தட்டிலுள்ள தண்ணீர் சிந்தாமல் காப்பதிலும் குறியாக இருந்து, நடையைக் கோட்டைவிடுகிறார்கள். கேள்வி வந்தால் நின்று பதில் சொல்லுங்கள். பொருளைத் தோள்பையில் போட்டுக் கைகளை வீச விடுங்கள். திரும்பும்போதும் வாசற்படி கடக்கும்போதும் பேச்சே வேண்டாம். ஒரே காலில் சுழலாமல் அரைவட்டமாக நடந்து திரும்புங்கள்.

கூட வருபவர்களும் தவறு செய்கிறார்கள். கால் ஒட்டிக்கொண்டதுபோல் நோயாளி நின்றுவிட்டால், "சீக்கிரம் வாங்க" என்று கையை இழுப்பார்கள். உடம்பு முன்னே போகும், பாதம் வராது, விழுவது அப்படித்தான். நிற்க விடுங்கள். நிமிர்ந்து, எடையை இடமும் வலமுமாக மாற்றி, பிறகு ஒரு பெரிய அடி எடுத்துவைக்கட்டும்.

பயந்துபோய், நடந்துகொண்டே பேசுவது போன்ற இரட்டை வேலையை அடியோடு தவிர்ப்பதும் தவறே. 2017-ல் வெளியான ட்யுவாலிட்டி (DUALITY) ஆய்வில் பார்க்கின்சன் உள்ள 121 பேர் இரட்டை வேலைக்கு 6 வாரம் பயிற்சி எடுத்தார்கள். பேசிக்கொண்டே நடக்கும் வேகம் கூடியது, விழுவது கூடவில்லை. மருந்து வேலை செய்யும் நேரத்தில், சமதளத்தில், பக்கத்தில் ஆள் இருக்க, முதலில் வெறுமனே நடங்கள். பிறகு மாதப் பெயர்களை வரிசையாகச் சொல்லிக்கொண்டு. அது பழகியபின் அதே பெயர்களைக் கடைசியிலிருந்து தலைகீழாக. அடி சுருங்கினால் பெயர்களை விடுங்கள், நடையை அல்ல. ஏற்கெனவே விழுந்தவர்களும், கால் உறைந்து நின்றவர்களும் பிசியோதெரபிஸ்ட் இல்லாமல் இதைத் தொடங்கக் கூடாது.